காளான் மேல் ஒரு புதிய ஈஸ்ட்
(கீழ்பென்னாத்தூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

காட்டுக் காளானின் மேல் வாழும் ஈஸ்ட்டில் ஒரு புதிய சிற்றினம் எப்படிக் கண்டறியப்படுகிறது, அது புதியதுதான் என்று எப்படி நிலைநாட்டப்படுகிறது, எப்படிப் பெயர் பெறுகிறது என்பதே இன்றைய பொருள்.

ஈஸ்ட் என்பது பூஞ்சை. காளானும் பூஞ்சைதான். ஆனால் காளான் கோடிக்கணக்கான செல்கள் இழைகளாகப் பின்னி எழுந்து நிற்கும் உடல். ஈஸ்ட்டுக்கு ஒரே ஒரு செல்தான் முழு உடல். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் இருநூறு ஈஸ்ட் செல்களை வரிசையாக நிறுத்திவிடலாம். தாய்ச் செல்லின் ஓரத்தில் மொட்டுப் போல் ஒரு புடைப்பு தோன்றும். அது பருத்து, பிரிந்து, தனி உயிராகும். ரொட்டியை உப்ப வைப்பது ஈஸ்ட். பனஞ்சாற்றைக் கள்ளாக்குவது ஈஸ்ட். இட்லி மாவு புளிப்பதில் பாக்டீரியாவுக்கே முதலிடம் என்றாலும், அங்கேயும் ஈஸ்ட் கூட இருக்கிறது.

இவ்வளவு பழகிய உயிரில் இன்னும் புதியது என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. ஈஸ்ட் ஆய்வாளர்களின் அடிப்படை நூலான ‘தி ஈஸ்ட்ஸ்’ என்னும் தொகுப்பின் ஐந்தாம் பதிப்பு 2011-ல் வந்தது. அதில் விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ 1,500 சிற்றினங்கள். பூஞ்சைகள் அனைத்தையும் சேர்த்தால் உலகில் 22 லட்சம் முதல் 38 லட்சம் சிற்றினங்கள் வரை இருக்கலாம் என்பது 2017-ல் வெளிவந்த மதிப்பீடு. பெயர் பெற்றவையோ சுமார் ஒன்றரை லட்சம். பெயர் பெற்றது ஒன்று என்றால், பெயர் பெறாமல் கிடப்பது பத்துக்கும் மேல்!

சரி, காளானில் ஏன் தேட வேண்டும்? காளானின் சதையில் ட்ரெஹலோஸ், மானிட்டால் போன்ற இனிப்புப் பொருள்கள் உண்டு. ஈரம் உண்டு. இவற்றைவிட முக்கியமான இன்னொன்று, காளானைத் தேடி வரும் பூச்சிகள். வண்டுகள் வருகின்றன, ஈக்கள் வருகின்றன, புழுக்கள் உள்ளே குடைகின்றன. ஒவ்வொரு பூச்சியும் தன் காலிலும் வாயிலும் குடலிலும் ஈஸ்ட்டைச் சுமந்து வருகிறது. காளானோ சில நாளில் அழுகிப் போகும். அந்தச் சில நாளுக்குள் அங்கே ஒரு சந்தையே கூடிக் கலைந்துவிடுகிறது.

இந்தச் சந்தையைக் கூர்ந்து பார்த்தவர்களின் கதை நீண்டது. 1971-ல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் அன்னா கோச்கோவா-க்ராடோஹ்விலோவா என்ற அம்மையாரும் அவருடைய சக ஆய்வாளரும் காட்டுக் காளான்களின் மேற்பரப்பிலிருந்து புதிய ஈஸ்ட்டுகளைப் பிரித்தெடுத்து விவரித்தார்கள். அவற்றில் ஒன்றின் பெயர் க்ரூயிசி. அதற்குப் பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடின. அமெரிக்காவில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மெரெடித் பிளாக்வெல், சுங்-ஊய் சுஹ் ஆகியோர் வேறொரு வழியைப் பிடித்தார்கள். காளானை விட்டுவிட்டு, காளானைத் தின்னும் வண்டின் குடலைத் திறந்து பார்த்தார்கள்.

என்ன கிடைத்தது தெரியுமா? காளான் தின்னும் வண்டுகளிலிருந்து 16 புதிய சிற்றினங்களை, ஒரே கிளையைச் சேர்ந்தவற்றை, 2004-ல் ஒரே கட்டுரையில் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு வெளியான கணக்கு அதைவிடப் பெரியது. மூன்றாண்டுத் தேடலில் 650-க்கு மேற்பட்ட ஈஸ்ட் வளர்ப்புகள். அவற்றுள் ஏறத்தாழ 200 அதுவரை யாரும் விவரிக்காத வகைகள். அன்று அறியப்பட்டிருந்த ஈஸ்ட்டுகளின் மொத்தப் பட்டியலில் ஏறத்தாழ முப்பது சதவீதத்துக்கு அது சமம். வண்டின் குடல் என்ற ஒரே இடம் அந்தப் பட்டியலை அப்படி அசைத்துவிட்டது!

2016-ல் கிளெட்டஸ் கர்ட்ஸ்மேன், பார்பரா ராப்னெட், பிளாக்வெல் மூவரும் இந்தக் கிளைகளை ஒழுங்குபடுத்தினார்கள். அதுவரை ‘கேண்டிடா’ என்ற பெரிய கூடையில் எல்லாவற்றையும் போட்டுவைத்திருந்தார்கள். உள்ளபடி சொன்னால், வேறெங்கும் வைக்க முடியாதவற்றையெல்லாம் அள்ளிப் போட்ட பெயர் அது. மூவரும் க்ரூயிசி கிளைக்கு ‘டியூனோமைசஸ்’ என்று பேரினப் பெயர் தந்தார்கள். 16 சிற்றினங்களைக் கண்ட கிளைக்கு, சுஹ் அவர்களின் பெயரால் ‘சுஹோமைசஸ்’ என்று சூட்டினார்கள்.

இனி இந்தியாவுக்கு வருவோம். புனேயில் அகார்கர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 1946-ல் தொடங்கிய அமைப்பு; தாவரவியலாளர் எஸ். பி. அகார்கர் நினைவாக 1992-ல் இந்தப் பெயர் பெற்றது. நாட்டின் தேசியப் பூஞ்சை வளர்ப்புச் சேமிப்பகம் அங்கேதான் உள்ளது. அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பார்த்தது ஒரு நாற்றம் பிடித்த காளான். முட்டை போல் மண்ணில் கிடக்கும். சில மணி நேரத்தில் உறை கிழிந்து தண்டு மேலெழும். தலையில் பச்சையும் பழுப்புமாக ஒரு கூழ் பூசியிருக்கும். அழுகிய இறைச்சி நாற்றம். அந்தக் கூழில்தான் காளானின் வித்துகள் இருக்கின்றன. மனிதர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலகுவார்கள், ஈக்கள் மொய்க்கும். கூழைத் தின்ற ஈ பறந்து போய் வித்தை வேறிடத்தில் விடும். அதற்காகவே அந்த நாற்றம்.

அந்தக் காளானில் மொய்த்த டிரோசோஃபிலா ஈக்களைப் பிடித்தார்கள். பழ ஈ என்று பள்ளிப் பாடத்தில் வருமே, அந்தக் குடும்பம். ஈக்களிலிருந்து ஈஸ்ட்டைப் பிரித்தார்கள். ஒப்பிட்டார்கள். அது சுஹோமைசஸ் பேரினத்தைச் சேர்ந்தது; ஆனால் அந்தப் பேரினத்தில் அதுவரை விவரித்த எதுவுமில்லை. ‘சுஹோமைசஸ் டிரோசோஃபிலே’ என்று பெயரிட்டு அறிவித்தார்கள். பேரினப் பெயரில் ஓர் ஆய்வாளர், சிற்றினப் பெயரில் ஓர் ஈ.

இங்கே ஒரு கேள்வி எழும். ஈஸ்ட்டுக்கு எது வீடு, எது வண்டி? காளானில் வாழ்ந்து ஈயில் பயணம் செய்கிறதா, ஈயில் வாழ்ந்து காளானில் இறங்கி இளைப்பாறுகிறதா? ஒரே ஒரு மாதிரியை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. அதனால்தான் கவனமுள்ள ஆய்வாளர் காளானையும் எடுக்கிறார், அதன் மேல் இருந்த பூச்சியையும் எடுக்கிறார், பக்கத்து மண்ணையும் இலைச் சருகையும் எடுக்கிறார்.

அவையோரே, இப்போது ஆய்வுக்கூடத்துக்குள் போவோம். முறை எளியது, ஆனால் கைச்சுத்தம் கேட்பது. காளான் வந்த அன்றே வேலை தொடங்க வேண்டும். தீயில் சுட்டு ஆறிய கத்தியால் குடையின் அடியிலுள்ள மடிப்புகளில் சிறு துண்டு வெட்டி, கிருமி நீக்கிய உப்பு நீரில் போட்டு நன்றாகக் குலுக்குவார்கள். அந்த நீரைப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு என்று நீர்க்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டை, அகர் என்ற உறைகூழ் நிரம்பிய தட்டில் பரப்புவார்கள். அகரில் கலக்கும் உணவு பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ ஒன்றுதான்: லிட்டருக்கு ஈஸ்ட் சாறு 3 கிராம், மால்ட் சாறு 3 கிராம், பெப்டோன் 5 கிராம், குளுக்கோஸ் 10 கிராம். பாக்டீரியாவை அடக்கக் குளோராம்ஃபெனிகால் என்ற மருந்தும் சிறிது அமிலமும் சேர்ப்பார்கள்.

25 டிகிரி வெப்பத்தில் மூன்று முதல் ஐந்து நாள். தட்டில் புள்ளி புள்ளியாக எழும். வெண்ணெய்த் துளி போல் வழவழப்பாக, பாலாடை நிறத்தில் இருந்தால் அது ஈஸ்ட்டாக இருக்கலாம். சில இளஞ்சிவப்பு, சில சுருங்கிய தோல் போல. பஞ்சு போல் பரவுவது பூசணம். பூசணம்தான் இந்த வேலையின் பெரிய எதிரி. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் தட்டு முழுவதையும் மூடிவிடும். ஊசி முனையால் ஒரு புள்ளியைத் தொட்டு, புதுத் தட்டில் கோடிழுத்து, அதில் தனித்து வளர்ந்ததை மறுபடி எடுத்து, மறுபடி கோடிழுத்து, இப்படி இரண்டு மூன்று முறை செய்த பிறகே ‘தூய வளர்ப்பு’ என்று சொல்லலாம். தூய வளர்ப்பு இல்லையென்றால் அதற்குப் பின் செய்யும் எதற்கும் மதிப்பில்லை.

தூய வளர்ப்பு கிடைத்துவிட்டது. புதியது என்று சொல்லிவிடலாமா? கூடாது. நுண்ணோக்கியில் பார்த்து, இது வேறு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது. ஈஸ்ட்டுகள் பார்வைக்கு ஒன்றைப் போல் ஒன்று இருக்கும். ஆயினும் பார்க்க வேண்டியது பார்க்கத்தான் வேண்டும். மொட்டு எங்கே வருகிறது, எல்லாப் பக்கத்திலுமா, இரு முனைகளில் மட்டுமா? மொட்டுவிட்ட செல்கள் பிரியாமல் சங்கிலியாக நீள்கின்றனவா? பட்டினி போட்டால் வித்துப் பை உருவாகிறதா? மெட்ஷ்னிகோவியா என்ற பேரினத்தில் வித்து ஊசி போல் இருக்கும், கண்டால் மறக்காது. ஸ்போரோபோலோமைசஸ் இன்னும் வேடிக்கையானது. தட்டைக் கவிழ்த்து வைத்தால், வளர்ச்சியிலிருந்து வித்துகள் தெறித்து மூடியில் விழுந்து, அங்கே அதே வடிவத்தில் நிழற்படம் போல் ஒரு வித்துப் படிவு தோன்றும்.

அடுத்து, உணவுச் சோதனை. சின்னக் குழாய் ஒன்றைச் சர்க்கரைக் கரைசல் உள்ள பெரிய குழாய்க்குள் கவிழ்த்து வைப்பார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை நொதிக்கச் செய்தால் வாயு எழும். உள்ளிருக்கும் சின்னக் குழாயின் தலையில் குமிழி சேரும். குமிழி உண்டா இல்லையா, அவ்வளவுதான் விடை. குளுக்கோஸ், கேலக்டோஸ், சுக்ரோஸ், மால்டோஸ், ட்ரெஹலோஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய். இது போக, முப்பதுக்கு மேற்பட்ட கார்பன் பொருள்களில் எதைத் தின்று வளர்கிறது, நைட்ரேட்டைப் பயன்படுத்துகிறதா, 37 டிகிரியில் வளர்கிறதா என்றும் பார்ப்பார்கள். டயசோனியம் ப்ளூ பி என்ற சாயத்தை ஊற்றினால் வளர்ச்சி செந்நிறமாக மாறுகிறதா என்பதும் ஒரு சோதனை. மாறினால் அந்த ஈஸ்ட் காளான்களின் பெருங்குலத்தைச் சேர்ந்தது; மாறாவிட்டால் ரொட்டி ஈஸ்ட்டின் பெருங்குலம்.

ஒரு காலத்தில் சிற்றினத்தை முடிவு செய்தவை இந்தச் சோதனைகள்தாம். இன்று இவை சாட்சிகள்; தீர்ப்புச் சொல்வது டி.என்.ஏ.

எந்த டி.என்.ஏ.? முழுவதும் அல்ல. செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமுக்கான மரபணுவில், டி1/டி2 என்று அழைக்கப்படும் சுமார் 600 எழுத்து நீளமுள்ள பகுதி ஒன்று உண்டு. 1998-ல் கர்ட்ஸ்மேனும் ராப்னெட்டும் ரொட்டி ஈஸ்ட்டின் பெருங்குலத்தில் அன்று அறியப்பட்டிருந்த சுமார் 500 சிற்றினங்களில் இந்தப் பகுதியைப் படித்து ஒப்பிட்டார்கள். ஒரே சிற்றினத்துக்குள் வேறுபாடு பெரும்பாலும் மூன்று எழுத்துக்கு மேல் போகவில்லை. ஆறு எழுத்தும் அதற்கு மேலும், அதாவது நூற்றுக்கு ஒன்று, மாறியிருந்தால் பெரும்பாலும் அது வேறு சிற்றினம். நான்கும் ஐந்தும் இடைப்பட்ட வரப்பு. அங்கே அவசரப்படக் கூடாது. இந்த ஒரு கட்டுரை ஈஸ்ட் வகைப்பாட்டையே புரட்டிப்போட்டது என்றால் மிகையில்லை. ஐ.டி.எஸ். என்ற பக்கத்துப் பகுதியையும் சேர்த்துப் படிப்பது இப்போது வழக்கம்.

எழுத்து வரிசை கிடைத்ததும் ஜென்பேங்க் என்ற உலகப் பொதுத் தரவகத்தில் கொடுத்து, இதற்கு நெருக்கமானது எது என்று கேட்கலாம். சில நொடிகளில் பதில் வரும். அந்தப் பதிலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? நம்பக் கூடாது. தவறான பெயரில் ஏற்றிய பதிவுகளும் அங்கே உண்டு. சிற்றினத்தின் வகைமாதிரி வளர்ப்போடு, அதாவது பெயர் சூட்டும்போது அடையாளமாக வைக்கப்பட்ட அந்த ஒரே வளர்ப்போடு, ஒப்பிட்டால்தான் ஒப்பீடு. ஒரு சதவீத விதியும் எல்லா இடத்திலும் செல்லாது. கிளாவிஸ்போரா லூசிடானியே என்ற ஈஸ்ட்டில் ஒன்றோடொன்று இணைந்து இனம் பெருக்கும் வளர்ப்புகளுக்கிடையிலேயே இந்தப் பகுதி பெரிதும் மாறிக் கிடக்கிறது. விதியை மட்டும் பார்த்தால் ஒன்றைப் பலவாக்கிவிடுவோம். அதனால் இன்று பலரும் முழு மரபணுத் தொகுதியையே படித்து ஒப்பிடுகிறார்கள்.

ஒரே ஒரு வளர்ப்பை வைத்துப் புதுச் சிற்றினம் அறிவிக்க விதி இடம் கொடுக்கிறது. ஆயினும் அது மெலிந்த சான்று. வேறு வேறு காளானிலிருந்து, வேறு வேறு இடத்திலிருந்து மூன்று நான்கு வளர்ப்புகள் கிடைத்து, எல்லாம் ஒரே குழுவாக நின்றால்தான் அது நிலையான சிற்றினம் என்ற நம்பிக்கை வரும்.

பெயர் சூட்டுவதற்கும் சட்டம் உண்டு. பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் நெறி அது. 2012 ஜனவரி 1 முதல் விளக்கத்தை லத்தீனிலோ ஆங்கிலத்திலோ தரலாம். அதற்கு முன் லத்தீன் கட்டாயம். 2013 ஜனவரி 1 முதல் மைக்கோபேங்க் போன்ற பதிவகத்தில் எண் பெறாத பூஞ்சைப் பெயர் செல்லாது. வகைமாதிரியை உயிர்ச்செயல் நின்ற நிலையில் வைக்க வேண்டும்; உறைய வைத்து உலர்த்தியோ, திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியிலோ. இந்தியாவில் இன்னொரு கடமையும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, புதிய உயிரினத்தைக் கண்டவர் அரசு குறித்த காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது.

பெயரில் ஊர் இடம்பெறலாமா? தாராளமாக. ஹைதராபாத்தின் பெயரால் கேண்டிடா ஹைதராபாடென்சிஸ் உண்டு. ஒயின் திராட்சையில் கிடைத்தது. அதே நகரின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான சி.சி.எம்.பி.யை வைத்து, பப்பாளியில் கிடைத்த ஈஸ்ட்டுக்கு பிக்கியா செசெம்பென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்துக் கில்போர்ன் என்ற சிற்றூரின் பெயரைத் தாங்கி சுஹோமைசஸ் கில்போர்னென்சிஸ் இருக்கிறது. கில்போர்னுக்குக் கிடைத்தது கீழ்பென்னாத்தூருக்குக் கிடைக்கக் கூடாது என்று எந்த நெறியும் சொல்லவில்லை!

இதெல்லாம் பெயர் விளையாட்டுத்தானே, இதனால் யாருக்கு என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2009-ல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்த ஈஸ்ட்டைக் கேண்டிடா ஆரிஸ் என்று புதிய சிற்றினமாக விவரித்தார்கள். சில ஆண்டுகளில் அது இந்திய மருத்துவமனைகளிலும் நோயாளிகளின் இரத்தத்தில் தென்பட்டது. ஆனால் அன்றிருந்த தானியங்கிக் கருவிகள் அதைக் கேண்டிடா ஹீமுலோனி என்று தவறாகச் சொல்லிக்கொண்டிருந்தன. ஏன்? கருவியின் பட்டியலில் புதிய பெயரே இல்லை. பட்டியலில் இல்லாததைக் கருவி எப்படிச் சொல்லும்? டெல்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் டி.என்.ஏ. வரிசையைப் படித்துத்தான் உண்மையை வெளிக்கொணர்ந்தார்கள். பல மருந்துகளுக்கு அடங்காத அந்த ஈஸ்ட்டை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் மிக அபாயமான பூஞ்சைகளின் முதல் வரிசையில் வைத்தது. அது இயற்கையில் எங்கே வாழ்கிறது என்ற கேள்விக்கு முதல் தடயம் கிடைத்ததும் இந்தியாவில்தான். அந்தமான் கடற்கரை மணலிலும் உவர் சதுப்பிலும் அது இருந்ததாக 2021-ல் அதே குழு அறிவித்தது.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கீழ்பென்னாத்தூரை உள்ளிட்ட இந்தத் திருவண்ணாமலைச் சீமையில் மழைக்குப் பின் காளான் தேடும் பழக்கம் பழையது. புற்றுக் காளான் வந்த இடத்தைப் பக்கத்து வீட்டுக்குக்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. அந்தப் புற்றுக் காளான் குடும்பத்தில் ஒன்றை, டெர்மிட்டோமைசஸ் ஹெய்மி என்று 1979-ல் புதிய சிற்றினமாக விவரித்தவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன். கறையான் வளர்க்கும் காளான் அது. கறையானும் பூச்சிதான், அதன் காளான் தோட்டத்திலும் ஈஸ்ட் தேடலாம். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் 1988-ல் வானத்தில் ஒரு சிறுகோளைக் கண்டு அதற்கு ராமானுஜன் பெயரை வைத்தது. அதே மலையில் குனிந்து தேடுவதற்குத் தொலைநோக்கி வேண்டாம். அகர் தட்டு, பிரஷர் குக்கர், நுண்ணோக்கி இவை போதும். முதற்கட்ட வேலை எந்தக் கல்லூரி உயிரியல் துறையிலும் நடக்கும். டி.என்.ஏ. வரிசையைப் படிக்க மட்டும் வெளியே அனுப்ப வேண்டும்.

ஆகவே மாணவர்களே, வரும் ஐப்பசி மழையில் காளானைக் கண்டால் வாயில் வைக்காதீர்கள். விஷக் காளானை நிறத்தைப் பார்த்தோ, வெள்ளிக் காசு போட்டோ கண்டுபிடிக்க முடியாது. தாள் பையில் தனித் தனியாக எடுங்கள். எந்த மரத்தடி, எந்தத் தேதி, மேலே என்ன பூச்சி இருந்தது என்று அங்கேயே எழுதுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதியை முதலில் வாங்குங்கள். அன்று மாலைக்குள் உங்கள் துறை ஆய்வகத்தில் சேருங்கள். மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.